சேற்றில் செந்தாமரையாம்

அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து சட்டி பானையோடு எங்களை லாரியில் ஏற்றிவந்து சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கிற கண்ணகி நகரில் இறக்கியபோது எனக்குப் பத்து வயது. 2000-லிருந்தே ஆற்றங்கரை ஆட்களை இப்படித்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள், இன்றைக்கு 15,000 வீடுகளுக்கு மேல் இருக்கிறது. அம்மா வேலை பார்த்த வீடுகள் எல்லாம் மந்தைவெளியில். ஊர் மாறிவிட்டது, வேலை மாறவில்லை, அதனால் விடியும் முன்னே எழுந்து பஸ்ஸுக்கு ஓடுவார்.

அதைக்கூடத் தாங்கிவிடலாம். தாங்க முடியாதது முகவரி. பைக் கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனேன் (பேர் வேண்டாம்). சம்பள சிலிப், பான் கார்டு எல்லாம் சரி. முகவரியைப் பார்த்ததும் அந்தப் பையன் குரலைத் தாழ்த்தி, "நெகட்டிவ் ஏரியா சார்" என்றான். கடன் கொடுக்கத் தயங்குகிற ஏரியா என்று அர்த்தம். எங்கேயாவது செயின் அறுத்தால் எங்கள் தெருப் பையன்களைத்தான் முதலில் அள்ளிக்கொண்டு போவார்கள். அப்புறம் நானும் வேலைக்கு விண்ணப்பம் போட்ட இடத்திலெல்லாம் துரைப்பாக்கம் என்றுதான் எழுதினேன். பொய் இல்லையே, பக்கத்தில்தானே இருக்கிறது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதியில் ஈரானை 75-21 என்று அடித்துத் தங்கம் வாங்கியது. துணைத் தலைவி எங்கள் ஊர் கார்த்திகா. டிவிக்காரர்கள் எல்லாரும் "கண்ணகி நகர் கார்த்திகா" என்றே சொன்னார்கள். செயின் பறிப்புச் செய்தியில் மட்டுமே எங்கள் ஊர்ப் பேரைக் கேட்டுப் பழகிய காது இது. டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு ராத்திரியே முகநூலைத் திறந்தால் ஆளுக்காள் "சேற்றில் முளைத்த செந்தாமரை" என்று எழுதி வைத்திருந்தார்கள். பாராட்டுதான், புரிகிறது, நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார்கள். சரி, அப்போ நாங்கள் சேறா?

கபடி தனியாக ஆடுகிற ஆட்டம் இல்லை. பாடிப் போனால் எதிரே ஏழு பேர் நிற்க வேண்டும். ஒரு பெண் இங்கிருந்து பஹ்ரைன் வரை போகிறாள் என்றால், தினமும் அவளைப் பிடித்துத் தரையில் உருட்டிய மற்ற பெண்களும் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள் போட்டோ எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அவர்களைச் சேர்த்து நிறுத்திச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்திருக்கிறார். "பொம்பளப் பிள்ளைக்கு என்ன டவுசர்" என்று குழாயடியில் பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளாத அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்தக் குழாயடியும் எங்களுடையதுதான், மறைக்கவில்லை. கஞ்சா விற்கிறவனும் எங்கள் பிளாக்கில் உண்டு, அவன் தங்கச்சியும் இப்போது கபடிக்குப் போகிறாள்.

கார்த்திகாவுக்கு அரசு 25 லட்சம் கொடுத்தது, சந்தோஷம். ஆட்டத்தை விட்டுவிட்டு எதிரே இருக்கிற கண்ணாடிக் கட்டடங்களில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்கு, ஒரு நல்ல தரை, விளக்கு, பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ரெண்டு முட்டை, இது கிடைத்திருந்தால் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் தம்பி மகள் ஒரு போட்டிக்குப் படிவம் நிரப்பித் தரச் சொல்லி வந்தாள். பழக்க தோஷம், துரைப்பாக்கம் என்று ஆரம்பித்துவிட்டேன். பேனாவைப் பிடுங்கி அதை அடித்துவிட்டு அவளே எழுதினாள். "கண்ணகி"க்கு ஒரு ண் குறைச்சல். நான் திருத்தவில்லை.