பூசாரி தடுக்க முடியாத வரம்

போன ஞாயிறு கொட்டாஞ்சேனையில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது பெரியம்மா கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "தம்பி, பேரனுக்கு ஞானஸ்நானம் குடுத்த ஃபாதர் குருத்துவத்தை விட்டுட்டுக் கலியாணம் முடிச்சிட்டாராம். பிள்ளைக்குத் திரும்பக் குடுக்க வேணுமோ?"

வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. வராததும் நியாயம்தான், இந்தக் கேள்விக்கு 1700 வயது.

303இல் ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் கிறிஸ்தவர்களுக்கு எதிராகத் தொடங்கிய வேத கலாபனையில், உயிருக்குப் பயந்து வேதப் புத்தகங்களைச் சேவகரிடம் ஒப்படைத்த ஆயர்களும் குருக்களும் இருந்தார்கள். கலாபனை ஓய்ந்ததும் வட ஆப்பிரிக்காவில் டொனாட்டிஸ்டுகள் என்ற கட்சியினர், இந்தக் கோழைகள் கொடுத்த குருப்பட்டம் செல்லாது, ஞானஸ்நானமும் செல்லாது என்று கிளம்பினார்கள். அங்கே ஆயராக இருந்த புனித அகுஸ்தினார் விடவில்லை. பேதுரு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துதான், யூதாஸ் கொடுத்தாலும் கிறிஸ்துதான் என்றார். 1547இல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் இதையே படிப்பினையாக உறுதிசெய்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது நம் பழமொழி. திருச்சபை சொல்வது அதற்கு நேர் எதிர்: பூசாரி எப்படிப்பட்டவனானாலும் வரம் வந்து சேரும். (சுவாமிமார் மன்னிக்க.)

யாருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்பது வேறு கணக்கு. திருச்சபைச் சட்டப்படி 25 வயது நிறைந்திருக்க வேண்டும். கொலை செய்தவர், கருக்கலைப்புக்குத் துணை போனவர், தற்கொலைக்கு முயன்றவர் போன்றோருக்குத் தடை உண்டு, விலக்குப் பெற்றால்தான் பட்டம். ஆனால் ஒருவர் இதையெல்லாம் மறைத்துப் பட்டம் வாங்கிவிட்டால்? அவர் செய்தது குற்றம், பட்டம் செல்லும். லைசன்ஸ் இல்லாதவன் ஓட்டினாலும் பஸ் புறக்கோட்டைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது அல்லவா, அப்படி. பட்டமே செல்லாமல் போவது வேறு இடத்தில்: பெறுபவர் ஞானஸ்நானம் பெற்ற ஆணாக இருக்க வேண்டும் என்கிறது 1024ஆம் சட்டம். பெண்களை ஏன் விலக்க வேண்டும் என்பது பற்றி எனக்கும் கேள்விகள் உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அந்த 'ஞானஸ்நானம் பெற்ற' என்ற சொல்தான் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரு இளம் குருவின் காலை வாரியது. 2020 ஓகஸ்டில், "நான் உனக்கு ஞானஸ்நானம் தருகிறேன்" என்பதற்குப் பதில் "நாங்கள் தருகிறோம்" என்று சொன்னால் செல்லாது என வத்திக்கான் அறிவித்தது. அவர் தன் குழந்தைப்பருவ வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அதில் ஞானஸ்நானம் கொடுத்த தியாக்கோன் (திருத்தொண்டர்) சொன்னது "நாங்கள்". அப்படியானால் ஞானஸ்நானம் இல்லை, ஆகவே பட்டமும் இல்லை. மூன்று வருடமாக அவர் வைத்த பூசையும் கேட்ட பாவசங்கீர்த்தனமும் (பாவ அறிக்கை) செல்லாதவை. பாவம் மனிதர், எல்லாவற்றையும் முதலிலிருந்து பெற்றுத் திரும்பக் குருவானார். அவர் கொடுத்த ஞானஸ்நானங்கள் மட்டும் தப்பின, ஏனென்றால் அவசரத்துக்கு யாரும் கொடுக்கலாம் என்ற அளவுக்கு அது திறந்த கதவு. ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்த காலத்தில், 1687இல் யோசேவ் வாஸ் என்ற குரு மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, குருவே இல்லாமல் நம் முன்னோர் வேதத்தைக் காத்ததும் அந்தக் கதவு திறந்திருந்ததால்தான்.

பாவம் செய்த குரு கொடுத்தது செல்லும், நல்ல மனதோடு சொல்லை மாற்றியவர் கொடுத்தது செல்லாதாம்! கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் இரண்டுமே நம் பக்கம் நிற்கும் சட்டங்கள். குருவின் பாவமும் நம்மிடமிருந்து எதையும் பறிக்கக் கூடாது, அவருடைய கற்பனை வளமும் பறிக்கக் கூடாது.

கலியாணம் மட்டும் கொஞ்சம் சிக்கல். அங்கே அருட்சாதனத்தை (வரம் தரும் சடங்கை) ஒருவருக்கொருவர் கொடுப்பவர்கள் மணமக்கள், குரு சபையின் சாட்சி. அந்தச் சாட்சிக்குப் பங்குத்தந்தையின் அல்லது ஆயரின் அதிகாரம் வேண்டும். கனடாவிலிருந்து பறந்து வரும் ஃபாதர் மாமா கொழும்பில் தாலியை மந்திரித்துக் கொடுப்பதென்றால் முன்கூட்டியே அனுமதி எடுத்திருக்க வேண்டும். ஹோல் புக் பண்ணுகிற மும்முரத்தில் பலர் மறப்பது இதைத்தான்.

சரி, எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பங்கில் குரு ஒருவரின் நடத்தை பற்றி நாங்கள் சிலர் முறையிடப் போனோம். ஒரு பெரியவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "பூசை செல்லும்தானே, பிறகென்ன கதை?" என்று அனுப்பிவிட்டார். அகுஸ்தினார் வாதாடியது வாங்குகிறவனின் மனநிம்மதிக்காக. கொடுக்கிறவனின் கதிரையைக் காப்பாற்ற அல்ல. வரம் எப்படியும் வந்து சேரும் என்பதற்காக எவரையும் பீடத்தில் ஏற்றலாம், ஏற்றியவரை எதுவும் கேட்கக் கூடாது என்றால், 25 வயதும் தடைப் பட்டியலும் வருடக்கணக்கான குருமடப் படிப்பும் எதற்கு? டொனாட்டிஸ்டுகளின் முடிவு பிழை. அவர்களின் வலி பிழையில்லை.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. "பிள்ளையின் ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தான். அந்த ஃபாதரும் பட்ட அளவில் இன்னும் குருதான், பூசை வைக்கத்தான் அனுமதி இல்லை. சாகக் கிடக்கிற ஒருவருக்கு மட்டும் இப்பவும் பாவசங்கீர்த்தனம் கேட்கலாம்" என்றேன்.

பெரியம்மா கைப்பையைத் திறந்து போனைத் தேடினார்.

"நல்லதாப் போச்சு. அவற்ற நம்பரை நான் அழிக்கேல்லை."