அரசின் குரலாக இருந்த சுகா
யோஷிஹிதே சுகாவைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவர் ஜப்பானின் பிரதமராக இருந்த ஓராண்டையே பெரிதும் பேசுகிறது. ஆனால் 2012 டிசம்பர் முதல் 2020 செப்டம்பர் வரை அப்போதைய பிரதமர் ஷின்சோ அபேயின் அமைச்சரவைத் தலைமைச் செயலாளராக, காலையும் மாலையும் செய்தியாளர்களைச் சந்தித்து, அரசின் குரலாக அவர் இருந்த காலமே என் பார்வையில் முக்கியமானது. அக்கித்தா மாநிலத்தில் ஸ்ட்ராபெரி பயிரிட்ட விவசாயியின் மகனான அவர், தந்தையின் தொகுதி மகனுக்கு வந்து சேரும் வழக்கம் மலிந்த லிபரல் ஜனநாயகக் கட்சியில், 1987இல் யோகோஹாமா நகர்மன்றத்திலிருந்து படிப்படியாக ஏறி, 1996இல் நாடாளுமன்றத்தை அடைந்தார். 2019 ஏப்ரல் 1 அன்று புதிய பேரரசரின் சகாப்தத்துக்கான பெயரை, ‘ரெய்வா’ என்று எழுதிய பலகையை உயர்த்திக் காட்டிய பிறகுதான் (அதன் பின் ‘ரெய்வா மாமா’ என்றே அழைத்தார்கள்) பொதுமக்கள் அவரை உரிமையோடு பார்க்கத் தொடங்கினர். எந்தக் கேள்விக்கும் பிடிகொடுக்காத வறண்ட பதில், அரசின் செய்தித் தொடர்பாளராக இருந்த அவரைக் காப்பாற்றியது. பெருந்தொற்றுக் காலத்தில் மக்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருந்த பிரதமருக்கு அதுவே பாதகமாயிற்று என்பதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார்.