அந்த சைக்கிளும் எங்கள் தையல் மெஷினும்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு 'மெய்யழகன்' படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 2024 இல் வெளிவந்தபோது தியேட்டரில் தனியாகப் பார்த்தேன், பிறகு வீட்டில் ஒருமுறை. இந்த முறை அம்மாவும் கூட உட்கார்ந்தார்.

அம்மா எந்த இடத்தில் கலங்குவார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். படத்தின் தொடக்கத்தில், 1996 இல், கதாநாயகன் அருள்மொழியின் குடும்பம் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குக் கிளம்புகிறது. அந்தப் பையன் வெறும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவான். நாங்களும் அப்படிக் கும்பகோணத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள்தான். ஊஞ்சல் கழற்றிய பிறகு உத்தரத்தில் தொங்கிய நான்கு கொக்கிகள் இன்னும் என் கண்ணில் இருக்கின்றன. ஆனால் அம்மா அந்தக் காட்சியை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கவில்லை.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது சைக்கிள் காட்சியில். பல வருடம் கழித்து ஊர்ப்பக்கம் வரும் அருள்மொழியைச் சந்திக்கும், அவனுக்குப் பெயர் தெரியாத ஓர் உறவினர், 'அத்தான், அத்தான்' என்று இரவெல்லாம் பேசிக்கொண்டே இருப்பவர், அருள்மொழியின் குடும்பம் விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிளால் தங்கள் வீட்டின் நிலைமையே மாறியதைச் சொல்லும் இடம். அம்மா டிவியைப் பார்த்தபடியே கேட்டார்: "நம் தையல் மெஷினை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தோமே, அது என்ன ஆயிற்றோ?"

இத்தனை வருடமாக நான் இழந்த வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கொடுத்த பொருளை நினைத்திருக்கிறார்.

பிடித்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை நேரத்தை வீணாக்குவது என்று சொல்பவர்களிடம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. முதல் முறை பார்க்கும்போது கதை நம்மை இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. அடுத்து என்ன என்ற பதைப்பு அடங்கிய பிறகுதான் ஓரத்தில் இருப்பது கண்ணில் படுகிறது. நட்பு என்றால் என்ன என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது 1991 இல் வந்த 'தளபதி'. நண்பனுக்காக உயிரையும் கொடுப்பதுதான் நட்பு என்று பல வருடங்கள் நம்பினேன். இன்றைக்கும் அந்தப் படம் ஓடினால் சேனலை மாற்ற மாட்டேன். ஆனால் அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு என் நண்பர்களை நான் அளந்தது நியாயமே இல்லை. என்னிடம் யாரும் உயிரைக் கேட்டதில்லை. ஒரு மாலைப் பொழுதைக் கேட்டிருக்கிறார்கள். அதைத்தான் கொடுக்காமல் விட்டிருக்கிறேன்.

'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தது. அப்போது பெரிதாக ஓடவில்லை. கல்லூரி விடுதியில் நாங்கள் அதைப் பார்த்துவிட்டுக் கடவுள் உண்டா இல்லையா, முதலாளி சரியா தொழிலாளி சரியா என்று விடிய விடிய வாதம் செய்தோம். படம் முழுக்க அந்த வாதத்துக்காகவே எடுக்கப்பட்டது என்று நினைத்தோம். இப்போது பார்க்கும்போது அந்த வாதங்கள் காதில் விழுகின்றன, அவ்வளவுதான். மனம் நிற்கும் இடம் வேறு. புவனேஸ்வர் விமான நிலையத்தில் நல்லசிவத்தின் தழும்பேறிய முகத்தைப் பார்த்து, இவன் தீவிரவாதியாக இருப்பானோ என்று சந்தேகப்படுகிற அன்பரசு, ரயில் விபத்தில் சிக்கிய, யாரென்றே தெரியாத ஒரு சிறுவனுக்கு ரத்தம் கொடுக்கிறான். சிறுவன் பிழைக்கவில்லை. அந்த மரணத்தின் முன் அவன் உடைந்து அழுவதை இருபது வயதில் நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அடுத்த வாதம் எப்போது வரும் என்று காத்திருந்திருக்கிறேன்.

நல்லசிவத்தின் முடிவும் அப்படித்தான். காதலித்த பெண்ணுக்குத் தான் உயிரோடு இருப்பதையே தெரிவிக்காமல், தொழிலாளர்களின் கோரிக்கைக்கு முதலாளியின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு கடிதத்தை விட்டுவிட்டுப் போய்விடுகிறார். அது தோற்றவனின் முடிவு என்று அன்றைக்குக் கோபப்பட்டேன். இன்று அப்படித் தோன்றவில்லை. எதற்காக வாழ்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, நன்றி கேட்டு அங்கே நிற்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

'மெய்யழகன்' மேல் எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. பேச்சு நீளம், படம் மெதுவாகப் போகிறது என்ற குறை எழுந்ததும், வெளியான சில நாட்களிலேயே தியேட்டரில் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்தப் படத்தில் பேச்சுதான் கதை. ஊர் அடங்கிய பிறகு இரண்டு பேர் மொட்டை மாடியிலோ வாசல் திண்ணையிலோ உட்கார்ந்தால் பேச்சு சோழர் காலத்துக்குப் போகும், மாட்டுக்குப் போகும், செத்துப்போன பாட்டிக்குப் போகும், திரும்பி வரும். அதில் எதை வெட்டுவது? கடைசியில் அருள்மொழி, விடியும்முன் சொல்லாமல் கிளம்பிவிடுகிறான். இவ்வளவு அன்பைக் கொட்டியவனின் பெயர் தனக்குத் தெரியவில்லையே என்ற வெட்கம். அந்த வெட்கத்தின் பாரம் நமக்கும் ஏற வேண்டுமானால் அந்த இரவு நீளமாகத்தான் இருந்தாக வேண்டும்.

படம் முடிந்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. தையல் மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அதன் பெல்ட் அறுந்துபோய், புடவைக் கரையைக் கிழித்துத் திரித்துக் கட்டியிருந்தாராம். லாரியில் இடம் இல்லை என்று அப்பா சொன்னதும் எதிர்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தப் பெண் திண்ணையில் காலை மடக்கி உட்கார்ந்து, கடைக்காரர் கொடுத்த சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். பல்லால்தான் நூலைக் கடித்து அறுப்பாள். மெஷினை இறக்கி வைத்தபோது அவள் எதுவும் பேசவில்லை, முந்தானையால் அதன் மேல்பலகையைத் துடைத்தாள் என்று அம்மா சொன்னார். எனக்கு அது நினைவில் இல்லை. நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியிருக்கிறேன், ஆனால் நினைவில் இல்லை.

"அவள் பெயர் என்ன அம்மா?" என்று கேட்டேன்.

வெகுநேரம் யோசித்தார். அவள் மாமியார் பெயர் வந்தது, மூத்த பையன் பெயர் வந்தது. அவள் பெயர் மட்டும் வரவில்லை.

ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது. பத்திரிகை வந்து பிரிட்ஜ் மேல் கிடக்கிறது. முழங்கால் வலி, அவ்வளவு தூரம் பஸ்ஸில் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, காலையில் காபி கொடுக்கும்போது, தனக்கும் சேர்த்து டிக்கெட் போடச் சொன்னார்.