பெரிட்டின் மட்டும் போதாது
அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு உடம்பில் சேரும் இரும்பை அறிய, பெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தாலே போதும் என்று ஒரு கட்டுரை சொல்வது சரியல்ல. ஒரு காய்ச்சல் வந்தாலே அந்த எண் ஏறிவிடும். ஒரு பை சிவப்பணுவில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது. நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத்து அரிவாள் செல் சோகைக்காரர்களுக்கு (சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) இரும்பு முதலில் படிவது கல்லீரலில். தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தசோகை) என்றால் இதயத்தையும் பார்த்தே ஆக வேண்டும். இதய டி2 ஸ்டார் (எம்ஆர்ஐ ஸ்கேனில் இரும்பைக் காட்டும் எண்) 20 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கினால் இரும்பு படிந்திருக்கிறது. 10க்குக் கீழே என்றால் இதயம் செயலிழக்கும் ஆபத்து, தாமதிக்கவே கூடாது. இந்தக் கணக்கு 1.5 டெஸ்லா (காந்த வலிமை அளவு) எம்ஆர்ஐ மெஷினுக்கு. 3 டெஸ்லாவில் எண் குறைவாக வரும், இரண்டையும் ஒப்பிடாதீர்கள். படம் எடுக்கும்போது மூச்சை அடக்காவிட்டால் படம் கலங்கி அளவு தப்பும். மலையிறங்கி கோவை போகுமுன் "இரும்பு அளக்கும் டி2 ஸ்டார் எடுப்பீர்களா?" என்று போனில் கேட்டுவிடுங்கள், சாதாரண வயிற்று எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் அந்த எண் இருக்காது.