இடுக்கி மக்கள்தொகை குறைந்தது பிறப்பு குறைந்ததால் அல்ல
"2001–2011ல் கேரளத்தின் இடுக்கி மாவட்ட மக்கள்தொகை 1.8% குறைந்தது, பிள்ளைப்பேறு குறைந்ததுதான் காரணம், இதே வேகத்தில் அங்குள்ள தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களும் காலியாகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எண் சரி, காரணம் தவறு.

11,29,221 பேர் 11,08,974 ஆனார்கள். ஆனால் 2011ல் கேரளத்தில் ஆயிரம் பேருக்குப் பிறப்பு சுமார் 15, இறப்பு 7. இடுக்கிக்கும் அதே விகிதம் என்று வைத்தால் பத்தாண்டில் 8% கூடியிருக்க வேண்டும். கூடாமல் குறைந்தது என்றால், வந்தவர்களைக் கழித்தாலும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறியிருக்கிறார்கள்.

அந்த 1.8%ஐ நேர்கோடாக நீட்டவும் கூடாது. வருங்கால மக்கள்தொகையைக் கணிக்க, ஆண், பெண் பிரித்து, ஐந்தைந்து வயதுப் பிரிவாக உயிர்வாழ் விகிதத்தால் (அடுத்த ஐந்தாண்டும் உயிரோடிருப்போரின் பங்கு) பெருக்கி அடுத்த பிரிவுக்கு நகர்த்துங்கள். 15–49 வயதுப் பெண்களுக்கு வயதுவாரிப் பிறப்பு விகிதம் போடுங்கள். இடப்பெயர்வைத் தனியாகச் சேருங்கள்.

பலரும் சறுக்குவது இந்தக் கடைசிப் படியில்தான். எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பெற்றோர் இருக்க, திருப்பூருக்கும் கோவைக்கும் போவது இளவயதினர். எல்லா வயதிலும் சமமாகக் கழித்தால் தாயாகும் வயதுப் பெண்கள் தாளில் மட்டும் ஊரில் நிற்பார்கள். வருங்காலப் பிறப்பும் பள்ளிச் சேர்க்கையும் மிகையாக வரும், முதியோர் பங்கு குறைவாகத் தெரியும்.