சீட்டு எழுதுற நேரத்துல மருந்தை ஏத்துங்க

மறுபடியும் அதே சீட்டு. "பாம்புக்கடி. டிடி போடப்பட்டது. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்." அவ்வளவுதான். ரத்தம் உறையுதான்னு பாத்தாங்களா? எழுதல. விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி ஏத்துனாங்க? ஒண்ணுகூட இல்ல. கண்ணாடி விரியன் கடிச்ச ஆளு, கால் முழங்கால் வரைக்கும் வீங்கி, ஈறுல ரத்தம் கசிய 108-ல அடுத்த ஊருக்குப் போயிட்டிருக்காரு. வயிறு எரியுது.

அந்த ஒரு ராத்திரியைப் பிரிச்சுப் பாருங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு வரப்புல கடி. ஏழே முக்காலுக்கு ஆரம்ப சுகாதார நிலையம். முதல் கேள்வி: "பாம்பைக் கொண்டாந்தீங்களா?" எதுக்குங்க பாம்பு? நம்ம ஆஸ்பத்திரிகள்ல இருக்கிற விஷமுறிவு மருந்து ஒண்ணே ஒண்ணு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்துப் பண்ணது. பாம்பு எதுன்னு தெரிஞ்சாலும் தெரியாட்டியும் எடுக்கப் போறது அதே குப்பிதான். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் கூட வந்தவங்க இருட்டுல கம்பெடுத்துக்கிட்டுப் பாம்பைத் தேடி அலையுறாங்க. ரெண்டாவது ஆளும் கடி வாங்குறது அப்படித்தான்.

எட்டு மணிக்கு டிடி, அதாவது டெட்டனஸ் தடுப்பு ஊசி, கைச்சதையில. கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. அந்த நிலைமையில இருக்கிறவருக்குச் சதையில குத்துனா உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு கட்டிக்கும். டிடி எங்கயும் ஓடிப்போகாது, ரத்தம் உறைய ஆரம்பிச்சப்புறம் போடலாம். அடுத்து தோல்ல டெஸ்ட் டோஸ். விஷமுறிவு மருந்துக்கு அந்த டெஸ்ட் எதையும் முன்கூட்டிச் சொல்லாது, வேண்டாம்னு அரசு வழிகாட்டியிலயே இருக்கு. இதுலயே அரைமணி நேரம் போச்சு. எட்டரைக்குச் சொல்றாங்க, "இங்க வசதியில்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

என்னங்க வசதி வேணும்? சுத்தமான, காஞ்ச, புதுக் கண்ணாடி டெஸ்ட் டியூப் ஒண்ணு. அதுல நரம்புலேர்ந்து எடுத்த புது ரத்தம் 2 மில்லி. ஆட்டாம அசைக்காம 20 நிமிஷம் வெச்சிட்டு, ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பாக்கணும். தண்ணியா ஓடுச்சுன்னா விஷம் ரத்தத்துல ஏறியாச்சு. லேப் வேண்டாம், மெஷின் வேண்டாம், கரண்ட்டுகூட வேண்டாம். டியூப் கண்ணாடியா இருக்கணும், ஏன்னா உறையுற வேலையைத் தொடங்கி வைக்கிறதே கண்ணாடிச் சுவருதான். பிளாஸ்டிக்ல விட்டா நல்ல ரத்தமும் உறையாத மாதிரி காட்டும். சோப்புப் போட்டுக் கழுவுன பழைய டியூப்லயும் அதே கதைதான். அதனாலதான் புது டியூப்னு அடிச்சுக்கிறது. அந்த ஒரு கண்ணாடிக் குழாய் ஏன் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையிலயும் இல்ல?

உறையலன்னா 10 குப்பி. தூளா வர்ற குப்பி ஒவ்வொண்ணுலயும் 10 மில்லி ஊசித் தண்ணி விட்டு மெதுவா சுழட்டிக் கரைக்கணும். அவசரத்துல குலுக்குனா நுரை கட்டிக்கும், அப்புறம் மருந்தை இழுக்கவே முடியாது. அதை சலைன்ல கலந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஏத்தி முடிக்கணும். குழந்தைக்கும் அதே 10 குப்பிதான். கடிபட்டது சின்ன உடம்புன்னு பாம்பு விஷத்தைக் குறைச்சா இறக்குது? ரெண்டு குப்பி ஏத்திட்டு "முதல் டோஸ் கொடுத்தாச்சு"ன்னு எழுதி அனுப்புறவங்க மேல எனக்கு ஆத்திரம் தீராது.

அலர்ஜி வந்தா என்ன பண்றதுன்னு பயம். வரும்தான், நிறையப் பேருக்கு வரும். அதுக்குத்தான் அட்ரினலின். பெரியவங்களுக்கு அரை மில்லிகிராம் தொடைச்சதையில, சிரிஞ்சுல முன்கூட்டியே இழுத்துப் பக்கத்துல வெச்சுக்கணும். அரிப்பு, தடிப்பு, மூச்சு இரைப்பு எது ஆரம்பிச்சாலும் சொட்டை நிறுத்திட்டு அதைப் போடணும். அடங்குனதும் சொட்டை மறுபடி மெதுவா திறக்கணும். அந்தப் பயத்துக்காக மருந்தே ஏத்தாம ராத்திரியில ரோட்டுல அனுப்புறது எந்த நியாயம்?

தாலுகா ஆஸ்பத்திரி, ஒன்பதே முக்கால். பிளாஸ்டிக் டியூப். இன்னொரு சீட்டு. மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. முதல் குப்பி உடம்புல ஏறுறதுக்குள்ள கடிச்சு நாலரை மணி நேரம். ரத்தத்துல ஓடிட்டிருக்கிற விஷத்தைத்தான் மருந்து பிடிக்கும், அதுக்குள்ள கெட்டுப்போன சிறுநீரகத்தை அது சரிபண்ணாது. அந்த ஆளு அப்புறம் டயாலிசிஸுக்கு அலையுறாரே, அது பாம்பு பண்ணது மட்டுமில்ல, இந்த ரெண்டு சீட்டும் சேர்ந்து பண்ணது.

கட்டுவிரியன் விஷயத்துல இன்னும் கொடுமை. தரையில படுத்துத் தூங்குறவங்களை ராத்திரி கடிக்கும், வலியும் தெரியாது, தடமும் தெரியாது. விடியக்காலம் வயித்து வலின்னு வந்தா "கேஸ் ட்ரபிள்"னு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புறாங்க. இந்த விஷம் தசையைச் செயலிழக்க வைக்கும். கண் இமை தொங்குதா, கழுத்தைத் தூக்க முடியுதா, ஒரே மூச்சுல எத்தனை வரை எண்ண முடியுதுன்னு பாக்க ஒரு நிமிஷம் ஆகுமா?

இந்தியாவுல 2000 முதல் 2019 வரைக்கும் பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம்னு ஆய்வு சொல்லுது. வருஷத்துக்கு 58,000 பேர். இந்த மருந்துக்கான விஷத்துல பெரும்பகுதி எங்கேர்ந்து போகுது? மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலி, 1978-ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துலேர்ந்து. வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு இருளர்களுக்கு 2023-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. உயிரைப் பணயம் வெச்சு அவங்க எடுத்துக் கொடுத்த விஷம் மருந்தாகித் திரும்பி வந்து அலமாரியில தூங்குது. தமிழ்நாட்டுல 2024 நவம்பர்லேர்ந்து ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவிக்கணும்னு ஆக்கியிருக்காங்க. நல்லது. அந்தப் படிவத்துல முதல் குப்பி எத்தனை மணிக்கு ஏத்துனீங்கன்னும் கேளுங்க.

இன்னொண்ணு, வாயை மூடிட்டு இருக்க முடியல. நாய்க்கடிக்கு முதல் வேலை, புண்ணை ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுறது. ஊசி அதுக்கப்புறம்தான். ஆஸ்பத்திரி சுவர் முழுக்க அதை எழுதி ஒட்டியிருக்கீங்க. சுவருக்குப் பக்கத்துலயே இருக்கிற குழாயில தண்ணி வரல, சோப்பும் இல்ல. ஒரு சோப்பு வாங்கி வைக்கக்கூடவா யாருக்கும் தோணல?