மந்திக்குப் பணிஸ் கொடுப்பது பற்றி

சென்ற மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போகும் வழியில், மாங்குளத்தைத் தாண்டி வான் நின்றபோது, குட்டியை வயிற்றோடு அணைத்த ஒரு கருமுக மந்தி எங்களிடம் வந்தது. உறவினர் ஒருவர் சீனிப் பணிஸை நீட்ட, அது இரண்டு கையாலும் வாங்கி, குட்டியின் தலைக்கு மேலேயே வைத்துத் தின்றது. "பாவம், பசி போல கிடக்கு" என்றார் அவர். வீரை மரமும் பாலை மரமும் அடர்ந்திருந்த காடு அவ்விடத்தில் இப்போது ஒரு கீலமாகத்தான் நிற்கிறது. அவருடைய இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பணிஸ் மந்தியின் வயிற்றுக்குள் என்ன செய்யும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லையே என்பதுதான் என் கவலை.

மந்தி என்று நாம் சொல்லும் இந்தக் கருமுகக் குரங்கினம் பெரும்பாலும் இலை தின்று வாழ்வது. அதன் இரைப்பை, மாட்டினுடையதைப் போல, அறைகளாகப் பிரிந்தது. இலையின் நாரை உடைத்துச் சத்தாக்குவதும், சில இலைகளிலுள்ள நஞ்சின் வீரியத்தைத் தணிப்பதும் அங்கு குடியிருக்கும் பற்றீரியாக்களே. மாடு வளர்த்த வீடுகளுக்கு இது விளங்கும். கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அளவுக்கு மீறித் தின்ற எங்கள் பசு, மறுநாள் வயிறு ஊதி, அசைபோடாமல், கண் சொருகிப் படுத்துக் கிடந்ததை நான் மறக்கவில்லை. சோறு, பணிஸ் போன்ற மாப்பொருள் ஒரேயடியாக உள்ளே போனால் அமிலம் பெருகி, நாரை உடைக்கும் பற்றீரியாக்கள் மடிந்துவிடுகின்றன.

நாம் கையால் ஊட்டாவிட்டாலும், காட்டைத் துண்டாடினாலே இந்த நுண்ணுயிர்கள் பாதிக்கப்படுகின்றன. மெக்சிக்கோவின் கறுப்பு ஊளைக் குரங்குகளைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வில், தொடர்ச்சியான மழைக்காட்டில் வாழ்ந்தவற்றைவிடத் துண்டுக் காடுகளில் வாழ்ந்தவற்றின் குடலில் பற்றீரியா வகைகள் குறைந்திருந்தன; உண்ணக் கிடைத்த தாவர வகைகளும் அங்கே குறைவு. அடைத்து வளர்க்கப்பட்ட குரங்குகள் தமக்குரிய நுண்ணுயிர்களை இழந்து, மனிதக் குடலில் மிகுந்திருக்கும் வகைகளைப் பெறுவதை 2016இல் வேறொரு ஆய்வு காட்டியது. உகண்டாவின் கிபாலேக் காட்டை அண்டிய துண்டுக் காடுகளிலோ, குரங்குகளின் குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியா அயலிலுள்ள மனிதருடையதையும் கால்நடைகளுடையதையும் ஒத்துப்போயிருந்தது. காட்டின் ஓரம் கூடக்கூட அவற்றின் கிருமி நமக்கும் நம்முடையது அவற்றுக்கும் தொற்றும் வழியும் கூடுகிறது என்பதால், இதை வெறும் குரங்கு விடயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

வன்னியில் தென்னையையும் கச்சானையும் குரங்குகளிடம் இழக்கும் விவசாயியின் கோபம் நியாயமானது. அவருக்கு நட்டஈடு கிடைக்க வேண்டும். ஆனால் 2023இல் மந்தியல்லாத வேறு இனமான செங்குரங்குகள் ஒரு இலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று பேசப்பட்டபோது, அவை ஏன் ஊருக்குள் வருகின்றன என்ற கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

குட்டி தன் வயிற்று நுண்ணுயிர்களில் பலவற்றைத் தாயிடமிருந்தும் கூட்டத்திடமிருந்துமே பெறுகிறது; எதைத் தின்பது என்பதையும் தாயைப் பார்த்தே பழகுகிறது. அன்று வான் புறப்பட்டபோது, அந்தக் குட்டி தாயின் வாயோரத்தில் ஒட்டியிருந்த சீனியை நக்கிக்கொண்டிருந்தது. காட்டோரத்தில் வாகனத்தை நிறுத்துகிறவர்கள் தீன் பொதிகளைத் திறக்காமல் இருங்கள். வீதிக்கும் காணிக்கும் காடு வெட்டுகிறவர்கள், ஒரு காட்டிலிருந்து மறுகாட்டுக்கு மந்தி தாவிப் போகக்கூடிய மரத்தொடரையாவது விட்டுவையுங்கள்.